சாப்டாச்சுங்களா

குரல்கள் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவது என்று அரசு முடிவெடுத்தபோது அதிகம் சந்தோஷப்பட்டவள் தாரணிதான். பின்னால் அதிகம் அழுதவளும் அவள்தான். இதை மறைத்து வைத்து விளையாட்டுக் காட்டுவதில் பிரயோஜனமில்லை.

இன்னும் கொஞ்ச வருஷத்தில் வரப்போகிற காலம் அது. அரசாங்க வைத்தியம் பாதிக்கு மேல் போனிலேயே நடந்தது. வீடு வீடாகப் போய் நோயாளியைப் பார்க்க ஆள் போதாமல், ஒவ்வொரு நோய்த் திட்டமும் தனக்கென்று ஒரு குரலைச் செய்து வைத்துக்கொண்டது. எந்திரக் குரல்தான். ஆனால் ஊர்ப் பேச்சில் பேசும், பதிலைப் புரிந்துகொள்ளும், சரியில்லை என்று பட்டால் டாக்டருக்குச் சேதி சொல்லும். காசநோய்க்கு ஒரு குரல், சர்க்கரைக்கு ஒரு குரல், வயசானவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு குரல். மூன்றும் ஒன்றையொன்று அறியாது. சர்க்கரை நோயாளி போனில் நெஞ்சு கிழிய இருமினாலும் சர்க்கரைக் குரல் காலில் புண் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடும். இருமல் அதன் இலாகா இல்லை.

தாரணி அந்தக் குரல்களுக்குப் பேச்சு எழுதுகிறவள். நொய்யல் கரையில் பனியனுக்கும் சாயத்துக்கும் பேர்போன ஊரில், மாவட்ட நலக்குரல் அலுவலகத்தில் வேலை. புகார்களும் அவள் மேஜைக்குத்தான் வரும். "ஏனுங்க, கட்டிக் குடுத்த புள்ளைகூட ஒரு தடவைதான் கேக்குது. உங்காளுக மாத்தி மாத்திக் கூப்பிட்டுச் சாப்டாச்சா சாப்டாச்சான்னு உசுர எடுக்கறாங்க" என்று ஒரு தறிக்காரர் நேரிலேயே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். அவருக்குச் சர்க்கரை, காசநோய், வயசு மூன்றும் இருந்தன.

அவர் சொன்னதில் தப்பில்லை. மனுஷன் ஒருத்தன், உடம்பு ஒன்று, அவனை மூன்றாக வெட்டி மூன்று பேர் பார்ப்பது என்ன நியாயம்? அதனால் ஒன்றாக்கும் வேலை தன் தலையில் விழுந்தபோது தாரணி அதை ஆசையாகச் செய்தாள். புதுக் குரல் முட்டி வலியை விசாரிக்கும், தூக்கத்தை விசாரிக்கும், கால் புண்ணையும் இருமலையும் விசாரிக்கும். எல்லாம் ஒரே போனில். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அடித்து நீக்கினாள். மூன்று குரல்களிலும் ‘சாப்டாச்சுங்களா’ இருந்தது. இரண்டை அடித்துவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டாள். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்த வேலை அது.

புதுக் குரல் வந்த பிறகு அலுவலகத்துப் பெரிய திரை பார்க்கக் கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு புள்ளி. மருந்து ஒழுங்காக உள்ளே போனால் பச்சை, தவறினால் சிவப்பு. முன்பெல்லாம் காசநோய்ப் பக்கத்தில் அங்கங்கே சிவப்பு எட்டிப் பார்க்கும். இப்போது முழுக்கப் பச்சை. இயக்குநர் கதிரவன் அதைப் படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

அந்தப் பச்சைகளில் ஒன்று தாரணியின் அண்ணன் மயில்சாமி. சாயப்பட்டறையில் வேலை செய்தவன். இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் தங்கையிடம் வாயைத் திறந்தான். நோய் என்று தெரிந்ததும் பட்டறையில் ‘குணமாயிட்டு வாப்பா’ என்று மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டார்கள். பெண்டாட்டியையும் குழந்தையையும் அவனே மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு லைன் வீட்டில் தனியாக இருந்தான். தாரணி ஆரம்பத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோனாள். ஒன்றாக்கும் வேலை வந்து நேரத்தைத் தின்றபோது வாரம் ஒருமுறை ஆனது. அப்புறம் போனோடு நின்றது. காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் அவன் புள்ளியைப் பார்ப்பாள். பச்சையாக இருக்கும். மனசு நிம்மதியாகிவிடும். அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. கண் முன்னால் பச்சை தெரியும்போது யாருக்குத்தான் பஸ் ஏறத் தோன்றும்?

ஒரு நாள் காலையில் காசநோய்ப் பிரிவு டாக்டர் பர்வீன் அவள் மேஜைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாலு வார்த்தையில் பேசி முடிக்கிறவர் உட்கார்ந்தாலே விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"தாரணி, உங்க திரையில எல்லாம் பச்சையா இருக்கு. என் லேப்ல அப்படி இல்ல. சளிப் பரிசோதனையில பாதிப் பேருக்குக் கிருமி குறையவே இல்ல."

"ஏன் மேடம்?"

"ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டும் கிருமி சாகலைன்னா, மருந்துக்கு அடங்காத கிருமின்னு அர்த்தம். அவங்கள மலையடிவார ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி உங்க குரலே எனக்குச் சேதி அனுப்பியிருக்கு. அங்க பழைய ஊசி ஒண்ணைத் தூசி தட்டி எடுத்து வெச்சிருக்காங்க. உயிர் பிழைச்சுக்கும். ஆனா நிறையப் பேருக்குக் காது போயிடும்."

"யாராருங்க மேடம்?"

"உங்க அண்ணனும் இருக்காரு."

தாரணி நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள். பர்வீன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "பதறாதீங்க. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. திடீர்னு இத்தனை பேருக்கு அடங்காத கிருமி வராது. ஒண்ணு கிருமி பொய் சொல்லணும், இல்லைன்னா உங்க பச்சைப் புள்ளி பொய் சொல்லணும். கிருமிக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"குரல் கேக்குது, அவங்க பதில் சொல்றாங்க. அதுதான் பதிவாகுது. இதுல எங்க மேடம் பொய் வந்துச்சு?" தாரணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெற்ற பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி இருந்தது.

"என்னன்னு கேக்குது?"

"சாப்டாச்சுங்களான்னு."

"எதை?"

தாரணி தான் எழுதிய பேச்சைத் திறந்து பார்த்தாள். எதை என்று அதில் இல்லை.

பர்வீன் அவளைக் குத்திக்காட்டவில்லை. நிதானமாகச் சொன்னார். "காசநோய்க் குரலுக்கு அந்தக் கேள்வியை வெச்சது நான்தான். ‘மாத்திரை’ங்கற வார்த்தையே வரக் கூடாதுன்னு நோயாளிங்க கெஞ்சிக் கேட்டாங்க. பஸ்ல இருப்பாங்க, தறிப் பக்கத்துல நிப்பாங்க, அப்பப் போன் வரும். பக்கத்துல இருக்கறவன் காதுல விழுந்தாலும், யாரோ சொந்தக்காரங்க சோறு சாப்டாச்சான்னு கேக்கறாங்கன்னு போயிடுவான். ஆனா அந்தக் குரல் மாத்திரையைத்தான் கேக்குதுன்னு நோயாளிக்குத் தெரியும். அதுக்கு வேற வேலையே கிடையாதே! சர்க்கரைக் குரல் கேட்டது சோத்தை. வயசானவங்க குரல் சும்மா பேச்சை ஆரம்பிக்கக் கேட்டுச்சு. மூணும் வேற வேற கேள்வி, தாரணி. எழுத்துதான் ஒண்ணு."

"இதை நீங்க என்கிட்டச் சொல்லவே இல்லையே மேடம்."

"நீங்க கேக்கல. ஒண்ணாக்க வேண்டாம்னு சொன்னேனே தவிர, எனக்கும் இதைச் சொல்லத் தோணல. நான் என் நோயை மட்டும் பாத்துக்கிட்டு இருந்தேன்." பர்வீன் எழுந்தார். "முதல்ல உங்க அண்ணனைப் போய்ப் பாருங்க. மாத்திரை சாப்பிடாம இருந்தாருன்னா நல்லது. சாதா மாத்திரைலயே குணப்படுத்திடலாம். ஒழுங்காச் சாப்பிட்டிருந்தா ஊசிதான்."

அண்ணன் மாத்திரை சாப்பிடாமல் இருந்திருக்க வேண்டுமே என்று கும்பிட்டுக்கொண்டே தாரணி பஸ் ஏறினாள். இப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமியும் கேட்டிருக்காது.

மயில்சாமி கட்டிலில் சாய்ந்திருந்தான். தங்கையைப் பார்த்ததும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான். தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலேயும் தெரிந்தது. போனில் வருகிற குரலில் எலும்பு தெரியாது என்று தாரணிக்கு அப்போதுதான் உறைத்தது.

"வா அம்மிணி. சொல்லாமக் கொள்ளாம வந்திருக்க? ஆபீசு லீவா?"

"சும்மா வந்தண்ணா. மாத்திரையெல்லாம் ஒழுங்காச் சாப்பிடறீல்ல?"

"பின்ன? அதெல்லாம் கரெக்டா ஆவுது."

குழந்தையைப் பற்றிப் பேசினான், பட்டறையில் புது மேனேஜர் வந்திருப்பதைப் பற்றிப் பேசினான். பேச்சு நீண்டது. வெயில் ஏறி வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. அவன் எழுந்து எதுவும் சாப்பிடவில்லை, மாத்திரை டப்பாவைத் தொடவும் இல்லை. அடுப்பு மேடையில் ஒரு பாத்திரம் கவிழ்ந்திருந்தது. அதன் அடியில் ஈரமில்லை. தாரணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் போன் அடித்தது. அவள் எழுதிக் கொடுத்த பேச்சு, அவள் முன்னாலேயே ஒலித்தது.

"வணக்கமுங்க. நல்லா இருக்கீங்களா? முட்டி வலி எப்படி இருக்குதுங்க?"

"பரவால்லீங்க."

"ராத்திரி தூக்கம் வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க."

"சாப்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க. நீங்க?"

எந்திரம் சிரித்துவிட்டு வைத்தது. மயில்சாமி போனைத் தலையணை ஓரம் வைத்தான். அவன் முகத்தில் திருட்டு முழி இல்லை, தடுமாற்றம் இல்லை. நல்ல காரியம் செய்தவன் மாதிரி இருந்தான்.

"ஏண்ணா பொய் சொன்னே?"

"என்ன பொய்?"

"காத்தால இருந்து உன்ற முன்னாலயே உக்காந்திருக்கறேன். நீ சோறும் திங்கல, மாத்திரையும் போடல. ஆச்சுன்னு சொல்றே?"

மயில்சாமிக்கு அவள் கேட்டதே புரியவில்லை போலிருந்தது. "ஏம்மிணி, ஒருத்தரு சாப்டாச்சான்னு கேட்டா ஆச்சுன்னுதான் சொல்லோணும். இல்லீன்னு சொன்னா என்ன அர்த்தம்? சோறு போடுன்னு கேட்டாப்புல ஆவாதா?"

"அது எந்திரம்ணா."

"தெரியும். ஆனா என்ன, வூட்டுப் புள்ளையாட்டப் பேசுதே! முட்டி வலிக்குதா, தூக்கம் வந்துச்சான்னு. மொதல்ல ஒருத்தி கூப்புடுவா பாரு, அவ மாத்திரைக்காரி. கூப்புட்டா அதை மட்டும் கேப்பா. போடலீன்னா போடலீன்னு சொல்லிருவேன். மறுக்காக் கூப்புடுவா. அவகிட்ட எனக்கென்ன கூச்சம்? இது அப்படி இல்ல. இத்தன அக்கறையாக் கேக்கறவகிட்டப் போயி வகுத்துக்கு ஒண்ணுமில்லீன்னு எப்படிச் சொல்றது?"

தாரணி குரலைக் கட்டுப்படுத்திக்கொண்டு கேட்டாள். "வயித்துக்கு ஒண்ணுமில்லையா?"

அவன் வாசலைப் பார்த்தான். "இருக்கற அன்னிக்கு இருக்குது. இல்லாத அன்னிக்கு மாத்திரை போட்டா நெஞ்செல்லாம் எரியுது, தண்ணி குடிச்சாலும் வாந்தி வருது. அதனால சோறு ஆக்குன அன்னிக்கு மட்டும் போட்டுக்கறது."

"நான் தெனமும் போன்ல கேட்டனே! சாப்ட்டியாண்ணா, சாப்ட்டியாண்ணான்னு கேட்டனே!"

"நீ கேட்டா மட்டும்?" என்றான் மயில்சாமி. "உங்கிட்டத்தான் சுத்தமாச் சொல்ல முடியாது. நீ வேலைய விட்டுப்போட்டுப் போசியத் தூக்கிட்டு ஓடியாருவ."

தாரணி அழுதுவிட்டாள். எந்திரத்துக்குப் புத்தி இல்லை, விட்டுவிடலாம். கூடப் பிறந்தவளுக்கு என்ன வந்தது? அதே கேள்வியைக் கேட்டாள், அதே பதிலை வாங்கினாள், அதே பச்சையோடு திருப்தியாக இருந்தாள். அவளுக்கு அவள்மேலேயே வெறுப்பு வந்தது. அடுப்பைப் பற்ற வைத்துச் சோறாக்கிப் போட்டு, அவன் சாப்பிட்டு மாத்திரையும் விழுங்கிய பிறகுதான் பர்வீனுக்குப் போன் செய்தாள்.

"மாத்திரை விட்டிருக்காரு மேடம். நீங்க சொன்ன மாதிரியேதான். நல்லதுதானுங்களே?"

"முழுசா விட்டிருந்தா நல்லது. விட்டு விட்டுச் சாப்பிட்டாருன்னா சொல்ல முடியாது. சளியை மறுபடியும் அனுப்புங்க."

பரிசோதனை முடிவு வர நாளாயிற்று. அதற்குள் இயக்குநர் கதிரவன் கூட்டம் போட்டார். அவருக்கு விஷயம் எளிதாகத் தெரிந்தது. "பிரிச்சிடுவோம். பழையபடி ஆளுக்கொரு குரல். டாக்டரம்மா மொதல்லயே வேண்டாம்னாங்க, நான்தான் கேக்கல."

"வேண்டாம் சார்" என்றார் பர்வீன். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "என் குரல் தனியா இருந்தப்பவும் சிவப்புப் புள்ளி வந்துச்சு. மாத்திரை போடலைன்னு தெரிஞ்சுது. ஏன் போடலைன்னு எனக்குத் தெரியல. மறுக்கா மறுக்காக் கூப்பிட்டு வெறும் வயித்துல போட வெச்சிருக்கேன். அந்த மனுஷனுக்குப் பசின்னு என் குரலுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அது என் இலாகா இல்லைன்னு விட்டிருப்பேன்."

"அப்ப என்னதான் பண்றது? ‘மாத்திரை போட்டாச்சா’ன்னு பட்டவர்த்தனமாக் கேக்கறதா?"

"ஊரே அவங்கள ஒதுக்கி வெச்சிரும் சார்" என்றாள் தாரணி. "மாத்திரைக்கு நோயாளிகளையே கேட்டு ஒரு வார்த்தை வெச்சுக்கலாம். அவங்களுக்கும் குரலுக்கும் மட்டும் தெரிஞ்ச வார்த்தை. சோத்தைப் பத்திக் கேக்கவே வேண்டாம்."

"கேக்காம எப்படித் தெரியும்?"

"கேட்டாலும் தெரியாது சார். நம்ம ஊர்ல அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்கு. கேக்காம அனுப்பிடுங்க. மருந்து போற வீட்டுக்கெல்லாம் சோறும் போகட்டும்."

"அது சத்துணவு இலாகாம்மா. நம்மது இல்ல."

"சர்க்கரைக் குரலும் இருமல்காரர்கிட்ட இதைத்தான் சார் சொல்லிச்சு."

கதிரவன் நல்ல மனுஷர். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். பிறகு சத்துணவு இலாகாவுக்குத் தானே போன் போட்டார். கோப்பு நகர்ந்தது. அரசாங்கத்துக் கோப்பு எந்த வேகத்தில் நகருமோ அந்த வேகத்தில்தான் நகர்ந்தது. ஆனாலும் பசித்த வீடுகளுக்குப் பாத்திரங்கள் போக ஆரம்பித்தன. மாத்திரையை அடியோடு விட்டிருந்த பலருக்குக் கிருமி சாதா மருந்துக்கே அடங்கியது. சத்தம் போட்ட தறிக்காரர் தேறிவிட்டார்.

மயில்சாமி தேறவில்லை. சோறு ஆக்கிய நாளில் போட்டு, ஆக்காத நாளில் விட்டு அவன் விழுங்கிய மாத்திரைகள் கிருமியைக் கொல்லாமல் மருந்துக்குப் பழக்கிவிட்டிருந்தன. முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பர்வீன் வெகுநேரம் தாரணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவன் பிழைத்துக்கொள்வான் என்று மட்டும் சொன்னார்.

மலையடிவார ஆஸ்பத்திரியில் ஊசி ஆரம்பித்தது. முதலில் காதுக்குள் பூச்சி கத்துவதாகச் சொன்னான். பிறகு பெண்குரல்கள் போயின. மகள் போனில் பேசுவது போயிற்று. கடைசியில் எல்லாமே போயிற்று. நலக்குரல் மட்டும் விடாமல் அவன் எண்ணுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. திரையில் அவன் புள்ளி சாம்பல் நிறமாகி, ‘பதில் இல்லை’ என்று காட்டியது. தாரணி அந்தத் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறினாள்.

உடம்பு தேறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு முகக்கவசம் கொடுத்து, வெளியே புங்க மரத்தடியில் பெஞ்சு போட்டிருந்தார்கள். மயில்சாமி எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கிருமி அவனைவிட்டுப் போய்விட்டது என்றும், ஊசி முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்றும் நர்ஸ் சொல்லியிருந்தாள்.

தாரணி கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து முகக்கவசத்துக்கு மேலேயே வாயில் எதையோ போடுவதுபோல் காட்டி, தலையைப் பின்னால் சாய்த்தாள். மாத்திரை?

அவன் தலையை ஆட்டினான். ஆச்சு.

ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோனாள். சோறு?

அவன் இல்லை என்று தலையசைத்தான். கூச்சமில்லாமல், பட்டென்று. கையை வயிற்றில் வைத்துப் பசிக்கிறது என்றும் காட்டினான். பேச்சில் ஒன்றாகக் கிடந்த கேள்வி கையில் இரண்டாகப் பிரிந்திருந்தது. இவ்வளவு சுலபமா என்று தாரணி தன் விரல்களையே பார்த்தாள்.

வார்டு ஆள் தட்டைக் கொண்டுவந்து வைத்தான். சோறு, சாம்பார், அவித்த முட்டை ஒன்று. மயில்சாமி கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். சோற்றில் கை வைக்கப் போனவன் நிறுத்தினான். ஐந்து விரலையும் குவித்துத் தன் வாயருகே வைத்துக்கொண்டு, புருவத்தை உயர்த்தித் தங்கையைப் பார்த்தான். நீ?

தாரணி விடியலில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். வழியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனால் அவள் யோசிப்பதற்கு முன்பே அவள் தலை ஆடிவிட்டது. ஆச்சு.

மயில்சாமி அவள் முகத்தையே பார்த்தான். காது போனதிலிருந்து அவன் எதிரில் இருப்பவர்களை அப்படித்தான் பார்த்தான், கண்ணை எடுக்காமல்.

"பொய்" என்றான். தன் சத்தம் தனக்குக் கேட்காததால் அந்த வார்த்தை வார்டு வரைக்கும் கேட்டது. அங்கே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் முட்டையை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைத் தட்டின் அவள் பக்கத்து ஓரத்தில் வைத்து, சோற்றையும் அந்தப் பக்கமாகத் தள்ளினான். தாரணி முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கை கழுவப் போனாள்.